தோட்டத்து ஸ்பிரிங்ளருக்கு எந்த ஒயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள புல்தரைக்கும் செடிகளுக்கும் ஐந்து வால்வு வைத்து, டைமரோடு ஸ்பிரிங்ளர் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குழாயைப் பற்றிக் கேட்பது குறைவு. ஒயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், அவர்கள் அனுப்பிவைக்கும் எலெக்ட்ரீஷியன்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்பிரிங்ளர்னா தண்ணிக் குழாய்தானே? இதுல ஒயருக்கு என்ன வேலை?

குழாயில் தண்ணீரைத் திறந்து மூடுவது சோலினாய்டு வால்வு. அதன் தலையில் சின்னதாக ஒரு காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். மின்சாரம் வந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு மேலே எழும்பி வால்வு திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைத் தள்ளி மூடிவிடும். எந்த வால்வை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் திறப்பது என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து தோட்டத்து மூலையில் இருக்கும் வால்வு வரை மண்ணுக்குள் ஓடும் ஒயரைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

மண்ணுக்குள்ள கரண்ட்டா? குழந்தைங்க விளையாடுற இடம் சார், ஷாக் அடிக்காதா?

தோட்டத்துக்கென்றே வரும் கன்ட்ரோலர்கள் வீட்டின் 230 வோல்ட்டை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 24 வோல்ட் ஏசியாக இறக்கித்தான் வெளியே அனுப்புகின்றன. வால்வு திறக்கும் கணத்தில் சுமார் 0.35 முதல் 0.4 ஆம்பியர் இழுக்கும். திறந்தபின் 0.2 முதல் 0.25 ஆம்பியரில் நிற்கும். இந்த அளவு மின்சாரம் ஈரமண்ணில் கசிந்தாலும் உயிருக்கு ஆபத்து வராது.

கவனம் வேண்டியது 230 வோல்ட் பக்கத்தில். கன்ட்ரோலருக்குப் போகும் ப்ளக் பாயின்ட் மழை படாத இடத்தில் இருக்கட்டும். அந்த லைன், கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகப் போகட்டும். இது இரண்டும் இல்லாத வீட்டில் முதலில் இதைச் செய்யச் சொல்லித்தான் நான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

நாலு வால்வுன்னா எட்டு ஒயர் வேணுமா?

வேண்டாம். ஒவ்வொரு வால்விலிருந்தும் இரண்டு ஒயர் வெளியே வரும். அதில் ஒன்றை எல்லா வால்வுக்கும் பொதுவாகச் சேர்த்து ஒரே ஒயராகக் கன்ட்ரோலருக்குக் கொண்டுவரலாம். இதற்குப் பெயர் காமன். மற்றது வால்வுக்கு ஒன்று. ஆக நாலு வால்வுக்கு ஐந்து ஒயர். மோட்டாரையும் கன்ட்ரோலரே ஓட்ட வேண்டுமென்றால் இன்னொன்று.

அதற்கு மேல் குறைந்தது இரண்டு ஒயரைச் சும்மா விடுங்கள். அவற்றின் அருமை கடைசிக் கேள்வியில் தெரியும்.

வீடியோவில 18 கேஜ்ங்கறாங்க. கடையில கேட்டா அவர் வேற எதையோ எடுத்துக் காட்டுறார்.

இந்தக் குழப்பம் நியாயமானது. கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அவர்கள் சொல்லும் கேஜ் ஏடபிள்யூஜி. நம் ஊர்ப் பழைய எலெக்ட்ரீஷியன்கள் பழகிய கேஜ் எஸ்டபிள்யூஜி. 1/18, 3/20 என்றெல்லாம் சொல்வார்களே, அது. எண் ஒன்றாக இருந்தாலும் தடிமன் வேறு. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் சொன்னால், அமெரிக்க 18 கேஜ் 0.82 ஸ்கொயர் எம்எம். எஸ்டபிள்யூஜி 18 கிட்டத்தட்ட 1.17.

இப்போது கடைகளில் எல்லாமே ஸ்கொயர் எம்எம் கணக்குத்தான். அதனால் கேஜை மறந்துவிட்டு, 18 கேஜ் என்று சொல்லும் இடத்தில் 1 ஸ்கொயர் எம்எம் என்றும், 14 கேஜ் என்னும் இடத்தில் 2.5 ஸ்கொயர் எம்எம் என்றும் கேளுங்கள்.

எங்க தோட்டம் நீளம். வீட்டிலிருந்து கடைசி வால்வு அறுபது மீட்டர் இருக்கும். தடிமனா 2.5 போட்டுடறது நல்லதுதானே?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 19.5 ஓம் தடை. அறுபது மீட்டர் தூரம் என்றால் போக, வர 120 மீட்டர் ஒயர். அதன் தடை 2.34 ஓம். வால்வு திறக்கும் கணத்தில் 0.4 ஆம்பியர் என்று வைத்தால், வழியில் இழப்பது ஒரு வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 24-ல் 23 போய்ச் சேருகிறது. வால்வுக்கு அது தாராளம். 2.5 போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டாகக் குறையும். அந்த அரை வோல்ட்டால் வால்வுக்கு எந்தப் பயனும் இல்லை, பணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

100 மீட்டர் வரை 1 ஸ்கொயர் எம்எம் தாங்கும். 200 மீட்டர் என்றால் அதே ஒயரில் இழப்பு 3 வோல்ட்டைத் தாண்டி, கடைசி வால்வுக்கு 21 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் போகும். அங்கே 1.5 போடுங்கள். தண்ணீர் அழுத்தம் அதிகமாக உள்ள இடத்தில் வால்வைத் தூக்கவே அதிக பலம் வேண்டும் என்பதால், எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு 2.5 தேவைப்பட்ட இடம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. மிச்சமாகும் பணத்தை எங்கே போட வேண்டும் என்பது அடுத்த சில பதில்களில் வருகிறது.

வீடு கட்டினப்போ வயரிங் செஞ்ச ஒயர் ரெண்டு காயில் மிச்சம் இருக்கு. அதையே புதைச்சிடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பாழாகும் தோட்டங்களில் பாதி இங்கேதான் பாழாகின்றன. 90 மீட்டர் காயிலாக வரும் அந்த எஃப்ஆர் ஒயர், சுவருக்குள் பைப்பில் காய்ந்த இடத்தில் கிடப்பதற்காகச் செய்தது. செம்பின் மேல் ஒரே ஒரு பிவிசி தோல், அவ்வளவுதான். சுவருக்குள் அது முப்பது வருடம் கிடக்கும். மண்ணுக்குள் தினமும் தண்ணீர் பாயும் இடத்தில், ஒரு கல் அழுத்தினாலோ எலி ஒரு கடி கடித்தாலோ செம்பு வெளியே தெரிந்துவிடும்.

செம்பு நல்ல செம்புதான், குறை அதன் மேலே உள்ள உறையில். மண்ணுக்குள் போகும் ஒயருக்கு ஒவ்வொரு கம்பியின் மேலும் ஒரு இன்சுலேஷன், எல்லாவற்றையும் சேர்த்து மேலே தடிமனாக இன்னொரு உறை என்று இரண்டு அடுக்கு வேண்டும். மிச்ச ஒயரைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் புகாதபடி சொல்யூஷன் போட்டு ஒட்டிய பிவிசி பைப்புக்குள் முழு நீளமும் ஜாயின்ட் இல்லாமல் இழுங்கள். அப்போதும் பைப்புக்குள் ஈரம் வேர்க்கும்; அதற்குத் தப்ப முடியாது.

அப்போ கடையில என்னன்னு சொல்லிக் கேட்கறது?

மூன்று வழி இருக்கிறது. பாசன உபகரணம் விற்கும் கடைகளில் இதற்கென்றே கறுப்புப் பாலிஎதிலீன் உறை போட்ட மல்டி கோர் கேபிள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பாலிஎதிலீன் பிவிசியைவிடத் தண்ணீரைக் குறைவாக இழுக்கும், கறுப்பு நிறம் வெயிலைத் தாங்கும். ஆனால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

அடுத்தது, ஐஎஸ் 1554 முத்திரை போட்ட மல்டி கோர் கன்ட்ரோல் கேபிள். பெரிய எலெக்ட்ரிக்கல் கடைகளில் ஐந்து கோர், ஏழு கோர் என்று மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பெரும்பாலும் 1.5 ஸ்கொயர் எம்எம்மிலிருந்துதான் ஆரம்பிக்கும். நமக்குத் தேவையைவிடத் தடிமன், பரவாயில்லை. எங்கள் வீட்டில் கிடப்பது இதுதான்.

மூன்றாவது வழி எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்: போர்வெல்லில் இறக்கும் மூன்று கோர் ஃப்ளாட் சப்மர்சிபிள் கேபிள். தண்ணீருக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடப்பதற்காகச் செய்த பொருள் என்பதால் தோட்டத்து ஈரத்துக்கு அசையாது. ஒரு கோர் காமன், மற்ற இரண்டும் இரண்டு வால்வுக்கு. ஒன்றிரண்டு வால்வு உள்ள சின்னத் தோட்டத்துக்கு இதைத்தான் சொல்வேன். வால்வு அதிகமானால் பல கேபிள் ஓட்ட வேண்டிவரும், அப்போது கன்ட்ரோல் கேபிளே லாபம்.

லேன் கேபிள்ல எட்டு ஒயர் இருக்கே அண்ணா, ஏழு வால்வு ஓட்டலாமே?

கணக்குப்படி ஓடும். அதன் கம்பி சுமார் 0.2 ஸ்கொயர் எம்எம். முப்பது மீட்டர் தூரத்துக்கு இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் இழப்பு. ஆனால் வீட்டுக்குள் போடும் லேன் கேபிளின் உறை மண்ணுக்கானதல்ல. மலிவான கேபிளில் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஈரம் பட்டால் சில மாதத்தில் பொடியாகிவிடும். தலைமுடி கனத்துக் கம்பியை வால்வு ஒயரோடு உறுதியாக முறுக்கவும் முடியாது. மாடித் தோட்டத்தில் சுவரோரமாகச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். புதைக்காதீர்கள்.

சிங்கிள் கம்பி நல்லதா, பல இழை உள்ளது நல்லதா?

கரண்ட் போவதில் வித்தியாசம் இல்லை. ஒற்றைக் கம்பி மண்ணுக்குள் அசையாமல் கிடக்க ஏற்றது. முனையில் ஈரம் பட்டாலும் உள்ளே ஏறாது. பல இழை உள்ளதில் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி, உறைக்குள் வெகுதூரம் வரை செம்பைக் கறுக்கவைக்கும். அதற்குப் பதில் வளைக்க எளிது. எது போட்டாலும் சரி. பல இழை என்றால் ஜாயின்ட்டில் இன்னும் கவனம், கன்ட்ரோலர் முனையில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக லக் போட்டு இறுக்குங்கள்.

பைப்புக்குள்ள போடணுமா, அப்படியே புதைக்கலாமா? எவ்வளவு ஆழம்?

இரண்டு அடுக்கு உறை உள்ள கேபிளை அப்படியே புதைக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பெருச்சாளித் தொல்லை உண்டு. கடப்பாரையும் மண்வெட்டியும் எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் 25 எம்எம் பிவிசி பைப்பில்தான் போட்டேன். நடைபாதைக்கும் கார் ஏறும் இடத்துக்கும் அடியில் பைப் கட்டாயம். பிறகு கேபிள் மாற்ற வேண்டிவந்தால் கான்கிரீட்டை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம்.

ஆழம் ஒன்றரை அடி இருந்தால் நிம்மதி, ஒரு அடிக்குக் குறைய வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டும் அதே பள்ளத்தில் குழாய்க்குக் கீழே, ஒரு பக்கமாகப் போடுங்கள். பின்னால் யாராவது தோண்டினால் முதலில் குழாய் தட்டுப்படும், ஒயர் தப்பும். மூடுவதற்கு முன் பள்ளம் முழுவதையும் ஒரு அளவுநாடாவோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போர் மோட்டாருக்கு ஏற்கனவே பைப் போயிருக்கு. அதுலயே இந்த ஒயரையும் நுழைச்சிடலாம்ல?

கூடாது. மோட்டார் ஒயரில் ஓடுவது 230 வோல்ட், மூன்று ஃபேஸ் என்றால் 415. பைப்புக்குள் எங்காவது இரண்டின் தோலும் உரசிக் கிழிந்தால், அந்த வோல்ட்டேஜ் நேராகத் தோட்டத்து வால்வுக்கு வந்துவிடும். ஷாக் அடிக்காது என்று இரண்டாவது பதிலில் சொன்னதெல்லாம் அப்புறம் பொய்யாகிவிடும். தனிப் பைப், முடிந்தால் ஒரு அடி தள்ளி.

ஜாயின்ட்டுக்கு இன்சுலேஷன் டேப் நல்லா இறுக்கிச் சுத்தினா போதாதா?

போதாது. எங்கள் வீட்டில் முதல் வருடம் நானும் அப்படித்தான் விட்டேன். ஐப்பசி மழை முடிந்ததும் மூன்றாவது வால்வு திறக்கவில்லை. வால்வுப் பெட்டியின் மூடியை எடுத்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். டேப்பைப் பிரித்தபோது பசை கறுத்துக் குழைந்து விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு பாசிபோலப் பச்சையாகி, லேசாக இழுத்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது. ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு அங்குலம் தள்ளி வெட்டினால் செம்பு பளபளவென்று இருந்தது. கெட்டது ஜாயின்ட் மட்டும்தான். அதற்குப் பிறகு நான் போய்ப் பார்த்த தோட்டங்களிலும் பெரும்பாலும் இதே கதை.

இதற்கென்றே கிரீஸ் நிரப்பிய கனெக்டர் கிடைக்கிறது. ஒயர்களை ஒரே நீளத்துக்குச் சீவி, முறுக்கி, திருகுமூடி போட்டு, கிரீஸ் நிறைந்த குப்பிக்குள் அடிவரை அழுத்தி மூடியைச் சொடுக்க வேண்டும். சிலிகான் கிரீஸ் சுற்றிலும் அடைத்துக்கொள்வதால் தண்ணீர் நெருங்க முடியாது. வால்வுக்கு இரண்டு என்று கணக்கிட்டு, நாலைந்து கூடுதலாக வாங்கிவையுங்கள். தடிமனான ஒயரைத் தவிர்த்து மிச்சமான பணத்தை இங்கே போடுங்கள்.

கனெக்டர் கிடைக்கவில்லை என்றால், போர்வெல் மோட்டார் இறக்கும் மெக்கானிக் எப்படி ஜாயின்ட் போடுகிறார் என்று பாருங்கள். ஒயரைச் சுத்தமாகத் துடைத்து, இணைத்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துப் பல சுற்றுச் சுற்றி, அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் அதற்கு மேல் பிவிசி டேப் சுற்றுவார். அந்த ஜாயின்ட் தண்ணீருக்குள் வருடக்கணக்கில் இருக்கிறது. எப்படிச் செய்தாலும் ஜாயின்ட் வால்வுப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். வெறும் மண்ணில் புதைத்த ஜாயின்ட்டைப் பின்னால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பெட்டிக்குள் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு முழம் சுருட்டி விடுங்கள், பழுதானால் வெட்டிப் போட நீளம் இருக்கும்.

எந்தக் கலர் எதுக்கு? மாத்திக் கொடுத்தா வால்வு புகைஞ்சிடுமா?

24 வோல்ட் ஏசி என்பதால் வால்வின் இரண்டு ஒயரில் எது காமன், எது தனி என்ற பேதமே இல்லை. எப்படிக் கொடுத்தாலும் திறக்கும். கலர் நம் ஞாபகத்துக்காகத்தான். வெள்ளையைக் காமனுக்கு வைப்பது வழக்கம். எண் மட்டும் அச்சடித்த கேபிள் என்றால் எந்த எண் எந்த வால்வுக்கு என்று எழுதிக் கன்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

தண்ணி விடும்போது மோட்டாரும் தானா ஓடணும். வால்வு ஒயரையே மோட்டார் ஸ்டார்ட்டருக்குக் கொடுக்கலாமா?

நேராகக் கொடுக்க முடியாது. பல கன்ட்ரோலரில் மோட்டாருக்கோ, எல்லா வால்வுக்கும் முன்னால் இருக்கும் மாஸ்டர் வால்வுக்கோ என்று தனியாக ஒரு முனை இருக்கும். அதுவும் 24 வோல்ட் ஏசிதான். அதை 24 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலேக்கு (சின்ன கரண்ட்டில் இயங்கும் ஸ்விட்ச்) கொடுத்து, ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டாரின் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) இழுத்து, கான்டாக்டர் மோட்டாரை ஓட்ட வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து ரிலே வரை நமது 1 ஸ்கொயர் எம்எம் ஒயரே போதும். ரிலேக்கு அப்பால் மோட்டாரின் சக்திக்கு ஏற்ற ஒயர். ரிலேயைக் கன்ட்ரோலரை ஒட்டி மாட்டாமல் நாலைந்து மீட்டர் தள்ளி மாட்டுங்கள். மோட்டார் பக்க வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ரெண்டு வால்வை ஒரே நேரத்துல திறந்தா காமன் ஒயர் தாங்குமா?

தாங்கும். காமனில் இரண்டு வால்வின் மின்சாரமும் சேர்ந்து ஓடும் என்பதால் அந்த ஒயரில் மட்டும் இழப்பு இரட்டிக்கும். மேலே போட்ட அறுபது மீட்டர் கணக்கில் ஒன்றரை வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். பார்க்க வேண்டியது கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் தரும் என்பது. அதன் பின்பக்கம் எழுதியிருக்கும். அதைவிட முக்கியம், இரண்டு பக்கமும் தெளிக்கும் அளவுக்கு மோட்டாரிடம் தண்ணீர் இருக்கிறதா என்பது.

ஆன்லைன்ல 230 வோல்ட் வால்வு பாதி விலைக்கு இருக்கு. 12 வோல்ட் டிசியும் இருக்கு. வாங்கலாமா?

230 வோல்ட் வால்வு தொழிற்சாலையில் மெஷினுக்குப் போடுவது. ஈரப் புல்லில், வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. யார் கேட்டாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

12 வோல்ட் டிசி ஆபத்தில்லை. சொந்தமாக எலெக்ட்ரானிக்ஸ் செய்து பார்க்கும் பிள்ளைகள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் 24-ல் ஒரு வோல்ட் போனால் தெரியாது, 12-ல் ஒன்றரை வோல்ட் போனாலே வால்வு தடுமாறும். தூரம் முப்பது மீட்டரைத் தாண்டினால் ஒரு அளவு தடிமனான ஒயர் போடுங்கள். டிசி ஈரத்தில் கசிந்தால் ஒரு பக்கச் செம்பை மட்டும் வேகமாக அரித்துவிடும். அதனால் ஜாயின்ட்டில் கூடுதல் கவனம்.

பேட்டரி டைமர்னா ஒயரே வேண்டாம்தானே?

வால்வின் மேலேயே உட்காரும் வகை என்றால் கிட்டத்தட்ட வேண்டாம். ஆனால் அதற்கு, ஒரு கணம் கரண்ட் கொடுத்தால் திறந்தோ மூடியோ அப்படியே நிற்கும் லாட்ச்சிங் காயில் வேண்டும். சாதாரண 24 வோல்ட் காயில் வேலை செய்யாது. அதில் சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. கலர் பேதமில்லை என்று சொன்னது அங்கே செல்லாது.

ஒரு வால்வு மட்டும் திறக்கலை. ஒயர் போச்சா, வால்வு போச்சா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தோண்ட வேண்டாம். கன்ட்ரோலரை ப்ளக்கிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வால்வின் ஒயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து, அந்த ஒயருக்கும் காமனுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 20-லிருந்து 60 ஓமுக்குள் வந்தால் ஒயரும் காயிலும் நலம். கோளாறு கன்ட்ரோலரிலோ, மண் அடைத்த வால்விலோ இருக்கும். எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, முதலில் ஜாயின்ட்டைப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு ஒயர் ஒட்டியிருக்கிறது அல்லது காயில் எரிந்திருக்கிறது. அப்புறம் வால்வுப் பெட்டியில் ஜாயின்ட்டைப் பிரித்துக் காயிலை மட்டும் அளந்தால், கோளாறு ஒயரிலா காயிலிலா என்று பிரிந்துவிடும்.

எல்லா வால்வும் ஒரே நாளில் நின்றால் காமனைச் சந்தேகப்படுங்கள். புதைத்து மூடிய அன்றே ஒவ்வொரு வால்வையும் அளந்து எண்ணை எழுதிவைத்தால், பின்னால் ஒப்பிட வசதி.

இடி மின்னல் சமயத்துல என்ன செய்யறது?

பல மீட்டர் நீளம் மண்ணில் கிடக்கும் ஒயர், பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால் அந்த அதிர்ச்சியைக் கன்ட்ரோலருக்குக் கொண்டுவரும். சித்திரைக் கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி தொடங்குமுன் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எப்படியும் மழை பெய்யும்போது தண்ணீர் விடப்போவதில்லை. எர்த் முனை உள்ள கன்ட்ரோலர் என்றால் அதைச் சும்மா விடாமல் முறையாக எர்த் கொடுங்கள்.

தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டினப்போ கேபிள் பாதி அறுந்துபோச்சு. முழுசா மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு சின்ன வால்வுப் பெட்டியைப் புதைத்து, அதற்குள் ஒரு முழம் புது கேபிள் துண்டைச் சேர்த்து, இரண்டு பக்கமும் மேலே சொன்ன கிரீஸ் கனெக்டர் போட்டு மூடுங்கள். போட்டோவில் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

எங்கே அறுந்தது என்றே தெரியாமல் ஒரு கோர் மட்டும் போயிருந்தால், சும்மா விடச் சொன்னேனே, அந்த இரண்டு ஒயர் இப்போது கைகொடுக்கும். கன்ட்ரோலர் முனையிலும் வால்வுப் பெட்டியிலும் போன ஒயரை விலக்கிவிட்டு, சும்மா கிடப்பதை மாட்டினால் போதும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா வீட்டில் கார் நிறுத்தும் கான்கிரீட்டுக்கு அடியில் காமன் அறுந்துபோயிருந்தது. சும்மா விட்டிருந்த ஒயரை மாட்டி, பத்து நிமிடத்தில் தண்ணீர் பாய்ந்தது. கான்கிரீட்டில் கை வைக்கவே இல்லை.